ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ்: எங்கள் பக்கத்துப் பெற்றோரும் பிள்ளைகளும் கேட்கிற கேள்விகள்

நான் ஈரோடு மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். அப்பா தறி ஓட்டினார், அம்மா அதே தறிக்குத் தார் சுற்றினார், நான் கபடி ஆடி பி.காம். படித்தேன். ஆட்டம் இல்லாவிட்டால் பிளஸ் டூவோடு எனக்கும் ஒரு பனியன் கம்பெனி பஸ் காத்திருந்தது. ஒவ்வொரு வருடமும் பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் போன் வர ஆரம்பிக்கும், பெரும்பாலும் இரவு எட்டு மணிக்கு மேல், மில் ஷிப்ட் முடிந்து வந்த அப்பாக்களிடமிருந்து. கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். அதனால் பொறுமையாக உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன்.

ஏனுங்க டீச்சர், நெசமாலுமே ஃபீஸ் இல்லாம சேர்த்துக்குவாங்களா?

சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் இதில் இரண்டு விஷயம் ஒன்றாகக் கலந்துகிடக்கிறது, முதலில் அதைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று, அரசு நடத்தும் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று ஒதுக்கிய இடம். இது சீட் மட்டும்தான், ஃபீஸ் தள்ளுபடி இதில் தானாக வராது. பொறியியல் கலந்தாய்வில் இப்படி 500 இடங்கள் இருக்கின்றன. ரேங்க் போடும்போது நீங்கள் எந்தப் போட்டியில் என்ன இடம் வாங்கினீர்கள் என்பதற்கு மதிப்பெண் போட்டுத் தனிப் பட்டியல் எடுப்பார்கள். அரசு கலைக் கல்லூரிகளிலும் மாற்றுத்திறனாளிகள், முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகள், விளையாட்டு வீரர்கள் ஆகியோருக்கான சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வைப் பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே நடத்திவிடுவார்கள். அந்தத் தேதியைத் தவறவிட்டுவிட்டு ஜூன் கடைசியில் எனக்குப் போன் செய்கிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள், மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கும்.

இன்னொன்று, தனியார் கல்லூரிகள் தாங்களாகவே கொடுக்கிற ஸ்காலர்ஷிப். கோயமுத்தூர், ஈரோடு, நாமக்கல், சேலம் பக்கம் நாம் சாதாரணமாக ஸ்போர்ட்ஸ் கோட்டா என்று சொல்வது இதைத்தான். ஃபீஸ், ஹாஸ்டல், மெஸ், கிட், போட்டிக்குப் போனால் பயணப்படி, தினப்படி என்று முழுதும் கொடுப்பவர்களும் உண்டு, ட்யூஷன் ஃபீஸை மட்டும் விட்டுவிட்டு ஹாஸ்டலுக்குப் பணம் கேட்பவர்களும் உண்டு. கல்லூரிக்கு இதில் என்ன என்றால், பல்கலைக்கழகக் கோப்பை ஜெயித்தால் பேப்பரில் பெயர் வரும், அட்மிஷன் சமயத்தில் அந்த போட்டோவைப் பெரிதாகப் போடலாம். அவர்களுக்குத் தேவை இருக்கிறது, நம் பிள்ளைக்கும் தேவை இருக்கிறது. அதனால் கூச்சப்படாமல், தலை நிமிர்ந்தே பேசலாம்.

எந்த அளவுக்கு ஆடியிருக்கோணும்? குறுமையம் ஜெயிச்சாப் போதுங்களா?

குறுமையம், அதாவது பக்கத்துப் பள்ளிகளுக்குள் நடக்கிற முதல் சுற்று, போதாது. வருவாய் மாவட்டப் போட்டியில் இடம் வாங்கி மாநில அளவுக்குப் போயிருந்தால் பெரும்பாலான கல்லூரிகள் ட்ரையல்ஸுக்குக் கூப்பிடும். பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள், முதலமைச்சர் கோப்பை, இந்திய பள்ளி விளையாட்டுக் குழுமத்தின் தேசியப் போட்டி, அந்தந்த விளையாட்டின் மாநிலக் கழகம் நடத்தும் ஜூனியர் போட்டி, இவைதான் மதிப்புள்ளவை. ஊர் நோம்பிக்கு லைட் கட்டி ராத்திரி பூராவும் நடக்கிற கபடியில் நீங்கள் பெரிய ஆளாக இருக்கலாம், நானும் அதைப் பார்த்துத்தான் ஆடப் பழகினேன். ஆனால் அங்கே கொடுக்கிற அண்டாவுக்கும் கேடயத்துக்கும் காலேஜில் மதிப்பெண் கிடையாது. அதே சமயம் நோம்பி ஆட்டத்தில் பார்த்துவிட்டு ஒரு பி.டி. சார் நேராக வீட்டுக்கு வந்து பேசிய கதையும் எங்கள் ஊரிலேயே உண்டு, ஆகவே அதை விட்டுவிடவும் வேண்டாம்.

சர்டிபிகேட் குறைவாக இருந்தாலும் உடம்புவாகு நன்றாக இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். வாலிபாலிலும் பாஸ்கெட்பாலிலும் ஆறடிக்கு மேல் உயரம் இருக்கிற பையனை, மாவட்ட அளவோடு நின்றவன் என்றாலும் எந்த பி.டி.யும் சும்மா அனுப்ப மாட்டார்.

இன்ஜினியரிங் சேர்றதா, ஆர்ட்ஸ் காலேஜா? எதில ஸ்போர்ட்ஸுக்கு நல்லது?

இந்தக் கேள்வியை யாரும் சரியாகக் கேட்பதில்லை, கேட்டவர்களுக்கும் சரியான பதில் கிடைப்பதில்லை. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

பின்னால் வேலைக்கு உதவப்போவது, நீங்கள் உங்கள் பல்கலைக்கழகத்தின் டீமில் ஆடினீர்களா என்பது. கல்லூரி டீமில் ஆடியது மட்டும் போதாது. கல்லூரிகளுக்குள் போட்டி நடக்கும், அதிலிருந்து ஆட்களைப் பொறுக்கிப் பல்கலைக்கழக டீம் போடுவார்கள், அந்த டீம் தென் மண்டலப் போட்டிக்குப் போகும், அங்கே முதல் நான்கு இடத்தில் வந்தால் அகில இந்தியப் போட்டி. கபடி, வாலிபால், பாஸ்கெட்பால் எதுவானாலும் டீமில் 12 பேர்தான்.

இப்போது கணக்குப் போடுங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி மாவட்டக் கலைக் கல்லூரிகள் பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி பெரியார் பல்கலைக்கழகத்துக்கு. கரூர் திருச்சியின் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு போய்விடுகிறது. ஆனால் இன்ஜினியரிங் காலேஜ்கள் பெரும்பாலும் அண்ணா பல்கலைக்கழகம், அதாவது பெருந்துறைப் பையன் சென்னை, மதுரை, திருநெல்வேலிப் பையன்கள் எல்லோரோடும் மோதி அந்த 12 பேரில் ஒருவனாக வர வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் இன்னொரு வகை: அந்த நிறுவனமே பல்கலைக்கழகம் என்பதால் அதன் டீம் நேராகத் தென் மண்டலத்துக்குப் போகும். இடம் பிடிப்பது சுலபம், ஆனால் டீம் பலவீனமாக இருந்தால் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பவும் நேரும்.

தடகளத்துக்கு மண்டலப் போட்டி கிடையாது, நேராக அகில இந்தியப் போட்டிதான். அங்கே உங்கள் நேரமும் தூரமும்தான் பேசும்.

இன்ஜினியரிங் படிக்க உண்மையிலேயே விருப்பம் இருந்தால் படியுங்கள், விளையாட்டுக்காக அதை விட வேண்டியதில்லை. கணக்கு வராத பிள்ளையை சீட் சும்மா கிடைக்கிறது என்று இன்ஜினியரிங்கில் தள்ளாதீர்கள். 18 அரியரோடு நான்கு வருடம் முடித்து, டிகிரி இல்லாமல் சர்டிபிகேட் ஃபைலை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிற பையன்களை எனக்குத் தெரியும். டிகிரி கேட்கிற எந்த வேலைக்கும் அவர்களால் விண்ணப்பிக்கக்கூட முடியவில்லை.

தபால் வழியில் படிக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். பல்கலைக்கழகப் போட்டியில் ஆட ரெகுலரில் படித்தாக வேண்டும், வயதும் 25க்குள் இருக்க வேண்டும்.

ஃபார்ம் 1, ஃபார்ம் 2ன்னு சொல்றாங்களே, அது என்னதுங்க?

இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் பாதிப் பேர் ஏமாந்துபோகிறார்கள். மேடையில் கொடுக்கிற வழவழப்பான கலர் சர்டிபிகேட் வேறு, வேலைக்குக் கேட்கிற படிவம் வேறு. மத்திய அரசு வேலைக்கு இந்தியாவுக்காக ஆடியிருந்தால் ஃபார்ம் 1, அதில் தேசியக் கூட்டமைப்பின் செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும். மாநிலத்துக்காக தேசியப் போட்டியில் ஆடியிருந்தால் ஃபார்ம் 2, மாநிலக் கழகச் செயலாளர். பல்கலைக்கழகத்துக்காக ஆடியிருந்தால் ஃபார்ம் 3, பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் பொறுப்பாளர். தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டி என்றால் ஃபார்ம் 4, மாநிலக் கல்வித்துறை.

போட்டி முடிந்து வந்த அதே மாதம் ஃபார்ம் 3-ஐ வாங்கிவிடுங்கள். நான் வாங்கவில்லை. மூன்று வருடம் கழித்து ஒரு விண்ணப்பத்துக்குத் தேவைப்பட்டபோது அதிகாரி மாறியிருந்தார், பதிவேட்டில் என் பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருந்தது, நான்கு தடவை லீவு போட்டு பஸ் ஏறினேன். ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், விளையாட்டுச் சர்டிபிகேட் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் ஒன்றுபோல இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

ஒரு அகாடமிக்காரர் நேபாளத்தில இன்டர்நேஷனல் போட்டி, இருபத்தஞ்சாயிரம் கட்டுங்கன்னு சொல்றார். கட்டலாமா?

கட்ட வேண்டாம். மத்திய விளையாட்டு அமைச்சகம் அங்கீகரித்த கூட்டமைப்புதான் இந்திய அணியைத் தேர்வு செய்து அனுப்ப முடியும். பணம் கட்டியவர்கள் எல்லோரும் போகலாம் என்றால் அது இந்திய அணி ஆகாது. அங்கே வாங்குகிற தங்க மெடலுக்கு ஃபார்ம் 1-இல் கையெழுத்துப் போட யாரும் இருக்க மாட்டார்கள். மாட்டை விற்று அனுப்பிய ஒரு குடும்பம் என்னிடம் அந்த சர்டிபிகேட்டைக் கொண்டுவந்து காட்டியபோது, அந்த அம்மா முகத்தைப் பார்த்து என்னால் பேசவே முடியவில்லை. அந்தப் பணத்தில் பிள்ளைக்கு நல்ல ஷூ வாங்கிக் கொடுங்கள், தினமும் இரண்டு முட்டை கொடுங்கள்.

கால்ல அடிபட்டா சீட்டு போயிருமா டீச்சர்?

போகலாம். எனக்கு ஏறக்குறையப் போய்விட்டது.

இரண்டாம் வருடம், ஒரு கல்லூரிப் போட்டியில் ரெய்டு போய்த் திரும்பும்போது வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்துவிட்டது. ஆபரேஷன், ஒன்பது மாதம் ஆடக்கூடாது என்றார்கள். அடுத்த செமஸ்டர் ஹாஸ்டல் பணத்தைக் கட்டச் சொல்லி வீட்டுக்கு லெட்டர் வந்தது. சேரும்போது எல்லாமே வாய்வார்த்தையாகப் பேசியதுதான், எங்கள் கையில் ஒரு தாளும் இல்லை. அப்பா லெட்டரை மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஒன்றுமே சொல்லவில்லை. கடைசியில் எங்கள் பி.டி. மேடம் நிர்வாகத்திடம் போய், இவள் ஸ்கோர் ஷீட் எழுதுவாள், ஜூனியர் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பாள் என்று பேசி சீட் போகாமல் நிறுத்திவைத்தார். அந்த ஒரு வருடம்தான் நான் பாடத்தை ஒழுங்காகப் படித்தேன், நடுவராக இருக்கவும் கற்றுக்கொண்டேன்.

ஆகவே சேர்வதற்கு முன்னால் எழுத்தில் வாங்க வேண்டியதைச் சொல்கிறேன். ஸ்காலர்ஷிப் மூன்று வருடத்துக்குமா, வருடா வருடம் புதுப்பிப்பார்களா? போட்டியில் அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது, சீட் என்னவாகும்? பரீட்சைக் கட்டணம், மெஸ் பில் இதில் சேருமா? தோற்றால் குறைப்பார்களா? கல்லூரி லெட்டர் பேடில் நான்கு வரி போதும். கேட்டால் கோபப்படுகிற கல்லூரி என்றால் அதுவே உங்களுக்கு ஒரு பதில்தான். ஒரிஜினல் சர்டிபிகேட்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே சொல்லிவிட்டது, அதையும் பயப்படாமல் சொல்லுங்கள். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை வீட்டில் இல்லாவிட்டால் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

பொம்பளப் பிள்ளையை வெளியூர் போட்டிக்கெல்லாம் எப்படிங்க அனுப்பறது?

என் அம்மாவும் இதையேதான் கேட்டார். டீமோடு பெண் மேனேஜர் வருகிறாரா, எங்கே தங்க வைக்கிறார்கள், ரயில் டிக்கெட் உறுதியாகிவிட்டதா, இதையெல்லாம் ஒவ்வொரு தடவையும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. ஹாஸ்டலை நேரில் போய்ப் பாருங்கள், சீனியர் பிள்ளைகளிடம் அம்மாவே தனியாக உட்கார்ந்து பேசட்டும். பயிற்சியாளர் யாராவது தனியாகக் கூப்பிடுகிறார், ராத்திரி மெசேஜ் அனுப்புகிறார் என்று பிள்ளை சொன்னால் அந்த நிமிடமே நம்புங்கள். ஆட்டத்தை நிறுத்திவிடுவோம் என்று மட்டும் மிரட்டாதீர்கள், மிரட்டினால் அடுத்த தடவை சொல்ல மாட்டாள்.

பணத்துக்கு ஒரு உதவி: அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பிளஸ் டூ வரை படித்த பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட்டில் கோயமுத்தூரில்தான் தொடங்கி வைத்தார்கள். சத்துணவுச் செலவுக்கு இது பெரிய ஒத்தாசை.

கிளாசுக்குப் போகாம கிரவுண்டுலயே இருந்தா மார்க் எப்படி வரும்?

வராது. பல்கலைக்கழகப் போட்டிகள் பெரும்பாலும் செமஸ்டர் பரீட்சை நெருங்குகிற மாதங்களில்தான் வந்து நிற்கும். போட்டிக்குப் போகும் நாட்களுக்கு ஓ.டி. உண்டு, அதாவது கிளாசுக்கு வந்ததாகவே கணக்கு, ஆனால் அந்த லெட்டரின் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 75 சதவீத வருகை கணக்கில் மாட்டிக்கொள்வீர்கள். கிளாசில் ஒழுங்காக நோட்ஸ் எழுதுகிற ஒரு பிள்ளையோடு முதல் வாரமே சிநேகமாகிவிடுங்கள். ரயிலில் போகும்போது படித்துத்தான் நான் காஸ்டிங் பேப்பர் பாஸ் செய்தேன், 41 மார்க், இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கடைசியில வேலை கிடைக்குமா? அதைச் சொல்லுங்க.

எங்கள் கல்லூரி டீமில் 12 பேர். ஒருத்தியும் இந்தியாவுக்கு ஆடவில்லை. இன்று இரண்டு பேர் போலீஸில் இருக்கிறார்கள், ஒருத்தி ரயில்வேயில், என்னையும் சேர்த்து மூன்று பேர் பி.டி. டீச்சர், ஒருத்தி திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், ஒருத்தி பேங்க் பரீட்சை எழுதி உள்ளே போனாள். மீதி நான்கு பேர் குடும்பம், தோட்டம், ஜெராக்ஸ் கடை என்று இருக்கிறார்கள், நான்கு பேரும் டிகிரி முடித்தவர்கள். எங்கள் 12 வீட்டிலும் அதற்கு முன் காலேஜ் வாசலை மிதித்தவர் யாரும் கிடையாது.

விவரமாகச் சொன்னால்: தமிழ்நாட்டு அரசு, பொதுத்துறை நிறுவன வேலைகளில் சாதனை படைத்த வீரர்களுக்கு 3 சதவீதம் இட ஒதுக்கீடு இருக்கிறது, சிலம்பமும் அதில் உண்டு. சீருடைப் பணியாளர் தேர்வில், இரண்டாம் நிலைக் காவலரானாலும் சப் இன்ஸ்பெக்டரானாலும், 10 சதவீதம் விளையாட்டுக்கு. மத்திய அரசின் குரூப் சி பணிகளில் 5 சதவீதம் வரை வீரர்களை எடுக்கலாம். தபால் துறை, வருமான வரித் துறை எல்லாம் அவ்வப்போது இப்படி ஆள் எடுக்கின்றன. ரயில்வேயில் பத்தாவது படித்தவருக்கு லெவல் 1, அடிப்படைச் சம்பளம் 18,000. பிளஸ் டூவுக்கு லெவல் 2, 3, அதாவது 19,900, 21,700. டிகிரி இருந்தால் லெவல் 4, 5-க்குப் போகலாம், 25,500, 29,200. அதே ஆட்டம், அதே மெடல், கூடவே டிகிரியும் இருந்தால் ஆயுசு பூராவும் சம்பளம் வேறு. படிப்பை விடாதே கண்ணு என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொள்வது இதனால்தான். ரயில்வேயில் கலந்துகொண்ட சர்டிபிகேட் மட்டும் பத்தாது, பல பணிகளுக்கு முதல் மூன்று இடத்துக்குள் வந்திருக்க வேண்டும் என்பார்கள்.

பி.டி. டீச்சர் ஆக டிகிரிக்குப் பிறகு பி.பி.எட். இரண்டு வருடம். நம் பக்கத்தில் பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தில் மாருதி உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. எம்.பி.எட். படித்து, நெட் அல்லது செட் என்ற கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறினால் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராகலாம். பயிற்சியாளர் ஆசை இருந்தால் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோ. அரசு பி.டி. பணியிடங்கள் அடிக்கடி வருவதில்லை, தனியார் பள்ளிச் சம்பளம் குறைவு, அதையும் தெரிந்தே வாருங்கள்.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை எல்லோருக்கும் தெரியும், 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம். அவர் சேலத்தில் பி.பி.ஏ. படித்தவர், 2021இல் கரூர் காகித ஆலை நிறுவனத்தில் துணை மேலாளர் பணிக்கான ஆணை வாங்கியவர் என்பதை நான் பிள்ளைகளிடம் சேர்த்தே சொல்வேன்.

அமெரிக்காவில ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப்ல படிக்கலாம்னு ஒரு கன்சல்டன்சி சொல்றாங்களே?

உண்மையில் உண்டு. உயரம் தாண்டும் தேஜஸ்வின் சங்கர் அப்படித்தான் கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படித்தார். அவர் போகும் முன்பே தேசிய சாதனை வைத்திருந்தார். அங்கே என்.சி.ஏ.ஏ. என்கிற கல்லூரி விளையாட்டு அமைப்பு கல்லூரிகளை மூன்று டிவிஷனாகப் பிரித்திருக்கிறது; அதில் முதல், இரண்டாம் டிவிஷன் கல்லூரிகள்தான் விளையாட்டுக்கு உதவித்தொகை கொடுக்கும், மூன்றாம் டிவிஷன் கொடுக்காது. தடகளம், நீச்சல், டென்னிஸ், ஸ்குவாஷ் என்றால் முயற்சி செய்யலாம். கபடிக்கும் கோ-கோவுக்கும் அங்கே இடம் இல்லை. கன்சல்டன்சிக்கு லட்சக்கணக்கில் கட்டுவதற்கு முன், அந்தக் கல்லூரியின் பயிற்சியாளருக்கு உங்கள் நேரம், தூரம், வீடியோவோடு நேராக மெயில் போடுங்கள். அதற்குப் பணம் வேண்டாம்.

நாளைக்கு ட்ரையல்ஸ். என்ன கொண்டு போகட்டும்?

சர்டிபிகேட் எல்லாவற்றுக்கும் இரண்டு செட் ஜெராக்ஸ், ஒரிஜினல் தனி ஃபைலில், போட்டோ ஆறு, ஆதார், மார்க் ஷீட். பழகின ஷூவையே போட்டுக்கொள், புது ஷூ வேண்டாம், குதிகால் தோல் உரிந்துவிடும். காலையில் மூன்று இட்லிக்கு மேல் சாப்பிடாதே. தண்ணீர் இரண்டு பாட்டில், வாழைப்பழம், ஒரு துண்டு. முதல் பஸ்ஸுக்கே கிளம்பி ஒரு மணி நேரம் முன்னால் போய் கிரவுண்டைச் சுற்றி நடந்து பார், எங்கே குழி இருக்கிறது, எங்கே மண் இளகலாக இருக்கிறது என்று தெரிந்துகொள். பெயர் கூப்பிட்டால் சத்தமாக 'இருக்கேன் சார்' என்று சொல். அப்பா கூட வந்தால் வெளி மரத்தடியிலேயே உட்கார்ந்திருக்கச் சொல், முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து போய் பி.டி.யைப் பாருங்கள், அந்த நான்கு வரி லெட்டரை அப்போதே கேளுங்கள்.